சாம்பிராணிப் புகையும் கைக்குழந்தையும்



வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நம் தோட்டத்து வீடுகளின் பக்கம் நடந்து பாருங்கள். ஒரு வீட்டில் விளக்கேற்றி முடிந்திருக்கும். அடுத்த வீட்டில் அப்போதுதான் சிரட்டைக் கரி கனிந்துகொண்டிருக்கும். எந்த வீட்டில் சாம்பிராணி போட்டாலும் வாசம் வரிசை முழுவதற்கும் சொந்தம். போர்டிக்சன் வட்டாரத்தில் எத்தனையோ தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பழைய லயத்து வீடுகளை விட்டுப் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். சாம்பிராணிச் சட்டி மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே போகிறது.

சாமிக்குப் போடும் புகையைப் பற்றி இன்று அதிகம் பேசப் போவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் போடும் புகையைப் பற்றித்தான் பேச வேண்டும். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, தணல் சட்டியில் இரண்டு சிட்டிகை சாம்பிராணித் தூளைத் தூவி, புகை எழும்பியதும் குழந்தையின் தலையை அதன் மேல் காட்டி எடுப்பார்கள். தலையில் நீர் கோர்த்துக்கொள்ளக் கூடாது, சளி பிடிக்கக் கூடாது என்று பாட்டி சொல்வார். பெற்றவளுக்கும் அதே கவனிப்பு உண்டு. கூந்தலை விரித்துப் போட்டு, கூடையைக் கவிழ்த்து அதன் அடியில் புகைச் சட்டியை வைப்பார்கள். கிளினிக்குக்குப் போனால் மிஸ்ஸி வேறு மாதிரி சொல்கிறார்: "குழந்தை இருக்கும் அறையில் புகையே வேண்டாம்." வீட்டுக்கு வந்தால் பாட்டி கேட்கிறார்: "உன்னை நான் அப்படித்தானே வளர்த்தேன், நீ என்ன செத்தா போய்விட்டாய்?" இடையில் அகப்பட்டுக்கொண்டு விழிப்பவள் அந்த இளந்தாய். அவளை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பேச்சு.

முதலில் சாம்பிராணி என்ன பொருள் என்று தெரிந்துகொள்வோம். பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. சாம்பிராணியும் ஒரு மரத்தின் பால்தான். மலாய்க்காரர்கள் அந்த மரத்தையும் அதன் பிசினையும் கெமெஞான் என்கிறார்கள். அது நம் தீபகற்பத்துக் காடுகளிலும் இயற்கையாக வளரும் மரம். ஆனால் கடைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி கடலுக்கு அப்பால், வட சுமத்ராவின் தாப்பானூலி மலைப்பகுதியிலிருந்து வருவது. அங்கே பாத்தாக் இனத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மரத்தை வெட்டிப் பிழைக்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு ஹாமிஞ்சோன் என்று பெயர். போர்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தருகே நின்றால், எதிரே சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவு ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் கிடக்கிறது. நம் வீட்டுச் சட்டியில் புகைவது அந்தக் கரையின் மலைகளுக்குள் பிறந்த சரக்கு.

ரப்பர் மரத்தில் விடியற்காலையில் வெட்டுப் போட்டால் அப்போதே பால் கோட்டுவழி இறங்கி மங்கில் விழும். கெமெஞான் மரம் அப்படி உடனே கொடுப்பதில்லை. காயம் படாத கெமெஞான் மரத்தில் சாம்பிராணி கிடையாது. மரம் ஏழெட்டு வயதானதும் பட்டையில் சிறு சிறு வெட்டுகளைப் போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். பட்ட காயத்தை மூடிக்கொள்ள மரம் மெல்ல மெல்லப் பிசினைச் சுரக்கும். அது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் தேங்கி இறுகும். மூன்று நான்கு மாதம் பொறுத்துப் போய், ஒட்டுப்பால் உரிப்பதுபோல் பட்டையோடு பெயர்த்து எடுப்பார்கள். முதலில் எடுப்பதே உயர்ந்த ரகம். பால்நிறத் துண்டுகளாக இருக்கும். பின்னால் சுரண்டி எடுப்பது பழுப்பும் தூசியும் கலந்தது. கடையில் நாம் வாங்கும் கட்டியை உடைத்தால், பழுப்பு நிறப் பிசினுக்குள் வெள்ளை முத்துகள் பதிந்தாற்போல் தெரியும். அந்த வெள்ளை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்ல சரக்கு.

இந்த வியாபாரம் இன்று நேற்று வந்ததன்று. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம் உண்டு. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன இடம். அங்கே லோபு துவா என்ற ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவைப் பற்றியது. நம் பாட்டன் பூட்டன் ரப்பர் வெட்ட இந்தப் பக்கம் கப்பலேறி வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் வாசனைச் சரக்குக்காக இந்தக் கடலைக் கடந்திருக்கிறார்கள். அரபு வணிகர்கள் இதை லுபான் ஜாவி, அதாவது ஜாவாப் பக்கத்துக் குந்திருக்கம், என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஐரோப்பியர் வாயில் தேய்ந்து பென்சாயின் ஆயிற்று. 1830-களில் ஜெர்மானிய வேதியியலார் ஒருவர் சாம்பிராணியின் புளிப்புச் சத்தைச் சுண்ணாம்போடு காய்ச்சி ஒரு புதிய திரவத்தை வடித்தெடுத்தார். அதுவே பிறகு பென்சீன் என்று பெயர் பெற்றது. சாமி அறைப் பொருளின் பெயர் எண்ணெய் ஆலை வரைக்கும் போயிருக்கிறது!

பெயரைச் சொல்லும்போது ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கடைகளில் சாம்பிராணி, குந்திருக்கம், குங்கிலியம் என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு மரத்துப் பிசின். குந்திருக்கம் வறண்ட நிலத்து மரத்தில் கிடைப்பது. இந்தியா, அரபு நாடுகள், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் வளர்கிறது. மாதா கோயிலில் தூபக்கலசத்தில் போடுவது அது. குங்கிலியம் நம் காட்டு மெராந்தி மரத்தின் உறவான மரங்களில் கிடைப்பது. மலாயில் டாமார் என்பார்களே, அந்த வகை. நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொண்டு குங்கிலியம் வாங்கிவந்த குங்கிலியக் கலயரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அது இந்தக் குங்கிலியம். ஒரு பிசினுக்கு உள்ள குணம் மற்றதற்கும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் இதைச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

சாம்பிராணியில் மருந்துக் குணம் உண்டா என்று கேட்டால், உண்டு, சந்தேகமே இல்லை என்பேன். அதன் உள்ளே பென்சாயிக் அமிலம் என்ற சத்தும், அதன் உறவான சின்னமிக் அமிலமும் இருக்கின்றன. பென்சாயிக் அமிலம் பூஞ்சைக் காளானையும் சிலவகைக் கிருமிகளையும் வளரவிடாமல் தடுக்கும். உங்கள் அடுப்படியிலேயே சாட்சி இருக்கிறது. தக்காளி சாஸ், கீச்சாப், ஊறுகாய்ப் போத்தல்களின் ஒட்டுத்தாளைப் படித்துப் பாருங்கள். பென்சோயேட் என்ற சொல் பலவற்றில் இருக்கும். புளிப்பான உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் அது. இன்றைக்கு அதை ஆலையில் வேறு மூலப்பொருளிலிருந்து செய்கிறார்கள். ஆனால் மனிதன் முதன்முதலில் அதைக் கண்டது 16-ஆம் நூற்றாண்டில், சாம்பிராணியைச் சூடாக்கி, மேலே எழும்பிப் படிந்த வெள்ளை ஊசிகளைச் சேகரித்தபோது.

படை என்ற தோல்நோய் நம் ஜனங்களுக்குப் புதிதன்று. வேர்வையும் மழையும் ஈரச் சட்டையுமாக வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்ட வட்டமாக வரும். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாகவும் வரும். இதற்கு ஆர்தர் விட்ஃபீல்டு என்ற ஆங்கில மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு களிம்பு கண்டார். 100 பங்கு களிம்பில் 6 பங்கு பென்சாயிக் அமிலம், 3 பங்கு சாலிசிலிக் அமிலம். விலை மலிவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்த மருந்து இது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் தேய்க்கக் கொடுத்த, சுரீரென்று எரியும் அந்த வெள்ளைக் களிம்பைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் புண்ணான தோலிலோ கண்ணருகிலோ தடவக் கூடாது. தலைப்படைக்கும் அது போதாது, அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும். சிலர் படையின் மேல் சாம்பிராணித் தூளை எண்ணெயில் குழைத்துப் பூசுகிறார்கள். நினைப்பு சரிதான், ஆனால் தூளில் சத்து எவ்வளவு, தூசி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இப்போது இன்னும் எரிச்சல் குறைந்த களிம்புகள் அரசாங்கக் கிளினிக்கிலேயே கிடைக்கின்றன.

சாம்பிராணியைச் சாராயச் சத்தில் ஊறவைத்து எடுக்கும் பழுப்புத் திரவம் ஒன்றும் மருந்துக்கடைகளில் உண்டு. பிளாஸ்திரி நன்றாக ஒட்டுவதற்காகவும், அடியில் உள்ள தோலைக் காக்கவும் இதை முன்கூட்டியே தடவும் வழக்கம் மருத்துவமனைகளில் இருக்கிறது. கரியபோளம் முதலிய வேறு சரக்குகளையும் சேர்த்துச் செய்வது பிரையர்ஸ் பால்சம் எனப்படும். சூடான நீரில் ஒரு தேக்கரண்டி விட்டு ஆவி பிடித்தால் அடைத்த மூக்குக்கும் கரகரத்த தொண்டைக்கும் இதமாக இருக்கும். இதம் என்று சொல்கிறேன், குணம் என்று சொல்லவில்லை. ஆவி பிடிப்பதால் சளி சீக்கிரம் நீங்குகிறதா என்று மருத்துவர்கள் சோதித்துப் பார்த்ததில் உறுதியான பலன் தெரியவில்லை. அதோடு, ஆவி பிடிக்க வைத்த கொதிநீரைப் பிள்ளைகள் மேலே கவிழ்த்துக்கொண்டு வெந்துபோவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். சிலர் தோலுக்குச் சாம்பிராணித் திரவம் ஒத்துக்கொள்ளாமல் தடித்துச் சிவந்து அரிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு நேரம் சொன்னதைக் கவனித்தீர்களானால் ஒன்று விளங்கும். களிம்பாக, திரவமாக, போத்தலில் சேர்க்கும் பொருளாகச் சாம்பிராணிச் சத்து பயன்பட்டிருக்கிறது. புகையாகப் பயன்பட்டதாக நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

தணலில் தூளைத் தூவியதும் என்ன நடக்கிறது? ஒரு பகுதிச் சத்து எரியாமல் ஆவியாகிறது. நமக்கு வரும் இனிய வாசம் அதுதான். பென்சாயிக் அமிலமும் அப்படி ஆவியாகி எழும்புகிறது. அது மூக்கையும் தொண்டையையும் உறுத்தும் பொருள். சட்டியருகே குனிந்தவுடன் இருமல் வருகிறதே, அதற்கு அதுவும் ஒரு காரணம். மீதிப் பிசின் அரைகுறையாகக் கருகுகிறது. அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு கிராம் சிகரெட்டு எரிந்தால் ஏறக்குறைய 10 மில்லிகிராம் துகள் வெளிவருகிறது. ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் சுமார் 45 மில்லிகிராம் என்று அளந்திருக்கிறார்கள். அது ஊதுபத்திக்கான கணக்கு. சாம்பிராணிக் கட்டிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் சாமிக்குப் போடுவதால் புகை புகையல்லாமல் போய்விடாது.

சாம்பிராணியைக் காட்டிலும் எனக்குப் பயம் தருவது அதன் அடியில் இருக்கும் கரி. போர்டிக்சனுக்கு முற்காலத்தில் ஆராங் என்று பெயர். மலாயில் கரி என்று பொருள். கடலோரக் கண்டல் மரங்களை வெட்டிச் சூளையில் கரியாக்கிய ஊர் இது. பின்னால்தான் டிக்சன் என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் ஊருக்கு வந்தது. ஆகவே கரியின் குணம் இந்த ஊருக்குப் புதிதன்று. கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளியாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணையும் கரிக்காது. நம் இரத்தத்தில் உயிர்க்காற்று ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். அறை மூடியிருந்தால் உறக்கத்திலேயே உயிர் போகலாம். பிள்ளை பெற்ற அறையில் காற்று புகக் கூடாது என்று சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி செருகி, உள்ளே தணல் சட்டியை வைப்பதைக் காட்டிலும் ஆபத்தான செயல் வேறில்லை. மலாய்த் தாய்மார்கள் பந்தாங் இருக்கும்போது கணப்புச் சூடு காய்வார்கள். நம்மவர்களைப் போலவே அவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சாம்பிராணிப் புகை ஒரு நாளில் யாரையும் நோயாளி ஆக்கிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. பல ஆண்டு பழக்கத்தைப் பற்றிய ஒரு கணக்கு சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே 1993 முதல் 1998 வரை 45 வயதுக்கு மேற்பட்ட 61,320 சீனர்களைப் பட்டியலிட்டு, வீட்டில் ஊதுபத்தி கொளுத்தும் பழக்கத்தைக் கேட்டு எழுதி, 2005 வரை அவர்கள் உடல்நிலையைக் கவனித்தார்கள். நீண்டகாலம் கொளுத்தியவர்களுக்கு மூக்கு, தொண்டைப் பகுதியில் சிலவகைப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. அந்த வீடுகளில் பெரும்பாலும் தினமும் கொளுத்துவார்கள். நாம் வெள்ளிக்கு வெள்ளி ஒரு சட்டி போடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் காலை ஊதுபத்தி, மாலை சாம்பிராணி, இரவு கொசுவர்த்திச் சுருள், நடுவில் அப்பாவின் சிகரெட்டு என்று கூட்டிப் பார்த்தால் நம் வீடும் சளைத்ததில்லை.

இப்போது குழந்தைக்கு வருவோம். பெரியவர் ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை 40 தடவைக்குக் கிட்ட விடுகிறது. அதன் மூச்சுக்குழாய் மிகமிகச் சிறியது. கொஞ்சம் வீங்கினாலும் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் விறகு, கரிப் புகையைச் சுவாசித்து வளரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது நாள் முழுவதும் எரியும் அடுப்பைப் பற்றிய கணக்குத்தான். எனினும் நாம் செய்வது என்ன? அடுப்புப் புகை அறையில் பரவி இளைத்துத்தான் குழந்தையிடம் வருகிறது. சாம்பிராணிப் புகையிலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நேராகவே காட்டுகிறோம். ஈளை இழுப்பு உள்ள குடும்பத்துக் குழந்தைக்கு இது போதும், இரவெல்லாம் நெஞ்சு கர்கர் என்று இழுக்க. சளிக்கு மருந்தென்று புகை போடுகிறோம். புகையால் இழுப்பு வருகிறது. சளி கூடிவிட்டது என்று மறுநாள் இன்னொரு சிட்டிகை சேர்த்துப் போடுகிறோம்.

பாட்டி சொல்லும் காரணத்தையும் மரியாதையோடு பார்க்க வேண்டும். ஈரத் தலையோடு குழந்தை குளிர்ந்துபோகக் கூடாது என்பது சரியான அக்கறை. பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். மலையோரத் தோட்டத்தில், மழைக்காலத்தில், கெட்டித் துவாலையும் மின்விளக்கும் இல்லாத காலத்தில், தலையைச் சீக்கிரம் உலர்த்த அவர்களுக்குத் தணல்தான் கிடைத்தது. தலையை உலர்த்தியது தணலின் சூடு. புகை வாசத்துக்குத்தான். அந்தச் சூட்டின் வேலையை இன்று பருத்தித் துவாலை செய்துவிடும். ஒத்தி ஒத்தித் துடைத்து, தலைக்கு ஒரு குல்லாய் போட்டு, தாயின் மார்போடு அணைத்துப் படுக்கவைத்தால் அதைவிடச் சூடு வேறில்லை. சளி, தலையில் கோர்த்த நீரால் வருவதில்லை. வீட்டில் தும்மும் ஒருவரிடமிருந்து தொற்றும் கிருமியால் வருகிறது. ஆகவே சளி பிடித்த பெரியவர் குழந்தையைத் தூக்காமலிருப்பதே பெரிய காவல். பாட்டிக்கே சளி என்றால் பாட்டிக்கும் அது பொருந்தும்.

கொசு விரட்டுகிறதே என்பீர்கள். அடர்ந்த புகைக்குக் கொசு சற்று விலகும், புகை கலைந்ததும் திரும்பி வரும். டெங்கிக் கொசு பகலில், அதிலும் காலையிலும் சாயங்காலத்துக்கு முன்பும் கடிப்பது. அது வளர்வது நம் வீட்டுப் பூத்தொட்டித் தட்டிலும், பழைய டயரிலும், மூடாத தொட்டியிலும். 1901-ல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் மலேரியாவை அடக்கியது புகையால் அன்று, சதுப்பு நிலத்தை வெட்டி வடியவிட்டதால். தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள், பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை போடுங்கள்.

அப்படியானால் சாம்பிராணி மனத்துக்குத் தரும் அமைதி? அதை நான் மறுக்கமாட்டேன். நாளெல்லாம் வெயிலில் குலை அறுத்துவிட்டு வந்து, குளித்து, விளக்கருகே உட்காரும்போது வரும் அந்த வாசம், அம்மாவையும் அவரைப் பெற்றவரையும் நினைவூட்டுகிறது. மூக்கின் வழி வரும் நினைவுக்கு வலிமை அதிகம். 2008-ல் விஞ்ஞானிகள் சிலர், குந்திருக்கத்தில் உள்ள ஒரு சத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் தணிந்ததாகக் கண்டார்கள். அதைப் படித்துவிட்டுச் சாம்பிராணி மனநோய்க்கு மருந்து என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பே சொன்னேனே, அது வேறு மரத்துப் பிசின். அதோடு, சோதித்தது எலியில். குந்திருக்கத்தின் சத்தை மாத்திரையாக்கி மூட்டுவலிக்குக் கொடுத்துப் பார்த்ததில் சிலருக்கு வலி குறைந்தது உண்மை. அது விழுங்கும் மாத்திரை. புகை முழங்காலுக்குப் போய்ச் சேராது. குக்குலு என்ற இன்னொரு பிசின் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி விற்றார்கள். 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் முறையாகச் சோதித்தபோது கெட்ட கொழுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது. மரத்திலிருந்து வந்ததனாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது, வெள்ளைக்காரர் மாத்திரையிலிருந்து வந்ததனாலேயே கெட்டதாகியும் விடாது.

ஆகவே சாம்பிராணிச் சட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. போடும் இடத்தையும் முறையையும் மாற்றினால் போதும். கரியை வீட்டுக்கு வெளியே, அஞ்சடியில், புகை முழுவதும் அடங்கிச் சிவக்கும்வரை கனியவிடுங்கள். சன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். அரிசி அளவு நாலைந்து துண்டு போதும். கைப்பிடி அள்ளிப் போட்டு வீட்டையே மேகமாக்க வேண்டாம். கைக்குழந்தையும், ஈளைக்காரரும், பிள்ளை வயிற்றிலிருப்பவரும் அந்த நேரம் முன்வாசலில் காற்றாட இருக்கட்டும். சாமிக்குக் காட்டி முடிந்ததும் சட்டியை வெளியே வைத்துவிடுங்கள். தணலோடு வீட்டுக்குள் விட்டுப் படுக்கப் போகாதீர்கள். இப்போது கடையில் கிண்ண வடிவில் வருகிறதே, கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று, அதில் கரித்தூளும் மரத்தூளும் செயற்கை வாசனையும்தான் பெரும்பாலும் இருக்கும், பிசின் பேருக்குத்தான். வாங்குவதென்றால் கட்டியாக வாங்குங்கள். உண்மைச் சாம்பிராணி கையில் எளிதாக நொறுங்கும், இலேசாக வெனிலா வாசம் அடிக்கும், தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும்.

பிள்ளைத் தொட்டிலின் கீழே சட்டி வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். தொங்கும் சேலைத் தலைப்பும் தணலும் பகையாளிகள், அதிலும் பலகை வீட்டில். தவறி எங்காவது சுட்டுவிட்டால் கீச்சாப்பையும் பற்பசையையும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் சுட்ட இடத்தில் ஓடவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் இலேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புகையறையில் யாருக்காவது தலைவலியும் மயக்கமும் வந்தால் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 999-க்கு அழையுங்கள்.

கடைசியாக, மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். இது எந்தப் பாட்டியும் மிஸ்ஸியும் சண்டை போடாத விஷயம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சாதாரணச் சளியாக இராது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்து வண்டி இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் காரைத் தட்டிக் கேளுங்கள். போர்டிக்சன் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். போகும்போது கிளினிக்கில் கொடுத்த குழந்தையின் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் புகை போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய அவருக்கு அது உதவும்.